கழுவினால் போகாத புள்ளிகள்

ரா ஃபைலுக்கு மாறியவர்களின் முதல் ஏமாற்றம், இருண்ட படமும் அதில் மொய்க்கும் புள்ளிகளும். புது கேமராவுக்குப் பணம் கட்டுமுன், குறை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது லாபம்.

கேமராவை ஜேபெக்கிலிருந்து ராவுக்கு மாற்றிய முதல் வாரத்தில் அநேகமாக எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வருகிறது: நன்றாக இருந்ததைக் கெடுத்துக்கொண்டோமோ? கேமராவின் முதுகிலுள்ள சின்னத் திரையில் பளிச்சென்று தெரிந்த படம், கம்ப்யூட்டரில் திறந்தால் சோகையாகவும் இருட்டாகவும் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் தெரிகிறது. கூடவே அந்த முகத்தின் மேல் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் கிளம்புகின்றன. ஆன்டெனா திரும்பிப்போன பழைய தூர்தர்ஷன் திரை மாதிரி. புகைப்படக்காரர்கள் இதை 'நாய்ஸ்' என்கிறார்கள். இரைச்சல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பழகுபவர்கள் வழக்கமாக மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். ரா என்பதே வீண் வேலை என்று ஜேபெக்குக்குத் திரும்புகிறார்கள். அல்லது சாஃப்ட்வேர் சரியில்லை என்று வேறொன்றைத் தேடுகிறார்கள். அல்லது கேமரா சின்னது, பெரிய சென்ஸார் உள்ளது வேண்டும் என்று லட்ச ரூபாய்க் கணக்கில் யோசிக்கிறார்கள். மூன்றுமே பெரும்பாலும் தப்பான முடிவுகள். புள்ளிகள் கம்ப்யூட்டரில் உண்டானவை அல்ல. ஷட்டர் மூடிய கணத்திலேயே அவை ஃபைலுக்குள் வந்துவிட்டன. வந்ததற்குக் காரணம், அனேகமாக எப்போதும், ஒளிப் பற்றாக்குறை.

சமைக்காத சரக்கு

ஜேபெக் என்பது கேமராவே கழுவி, பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்ட படம். சென்ஸாரிலிருந்து வந்த எண்களை எடுத்து, நிறத்தைச் சரிசெய்து, புள்ளிகளைத் தேய்த்து, விளிம்புகளைக் கூர்மையாக்கி, நிழல்களை இன்னும் கறுப்பாக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குள் சுருக்கி, மிச்சத்தைக் கேமரா தூக்கி எறிந்துவிடுகிறது. நிழலைக் கறுப்பாக்குவது சாமர்த்தியமான வேலை. புள்ளிகள் அதிகம் குடியிருப்பது நிழலில்தான். கறுப்பு மை பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

ரா ஃபைலில் இந்த ஒப்பனை எதுவும் இல்லை. சென்ஸார் எண்ணிய ஒளி அப்படியே இருக்கிறது. பல கேமராக்களில் 14 பிட், அதாவது 16,384 படிகள். ஃபிலிம் காலத்து நெகடிவுக்கு இது சமானம். ஸ்டுடியோக்காரர் இருட்டறையில் செய்ததைப் படம் எடுத்தவர் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். ஆகவே ரா படம் முதல் பார்வைக்கு ஜேபெக்கைவிட மோசமாகத் தெரிவது இயல்பு. கேமரா மறைத்ததை அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சென்ஸாரின் ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதி பிக்ஸல்கள் பச்சைக்கு; மீதியைச் சிவப்பும் நீலமும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்கள் இந்த அமைப்பைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு பிக்ஸலில் இல்லாத மற்ற இரு நிறங்களையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து சாஃப்ட்வேர் கணக்கிட்டு நிரப்புகிறது. பக்கத்து பிக்ஸல் தப்பாக எண்ணியிருந்தால் அந்தத் தப்பும் நிறமாகப் பரவும். கறுப்பு வேட்டியில் பச்சைப் புள்ளியும் ஊதாப் புள்ளியும் முளைப்பதற்கு இது ஒரு காரணம்.

மழைத்துளிக் கணக்கு

இரைச்சலின் பெரும்பகுதி கேமராவின் குறை அல்ல, ஒளியின் குணம். ஒளி ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து விழுகிறது. மொட்டை மாடியில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்துத் தூறலில் துளிகளை எண்ணினால் எல்லாக் கிண்ணத்திலும் ஒரே எண்ணிக்கை இருக்காது. ஒன்றில் 9, அடுத்ததில் 13, இன்னொன்றில் 7. அரை மணி நேரம் கொட்டிய பிறகு பார்த்தால் கிண்ணங்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது.

இதற்குத் திட்டமான கணக்கு உண்டு. சராசரியாக விழும் எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, ஏற்ற இறக்கம் அவ்வளவு. ஒரு பிக்ஸலில் 10,000 ஃபோட்டான்கள் பதிவானால் ஏற்ற இறக்கம் 100. ஒரு சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்கள் மட்டும் பதிவானால் ஏற்ற இறக்கம் 10. பத்து சதவீதம். பக்கத்துப் பக்கத்து பிக்ஸல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கன்னம் மணல் தாள் போல ஆகிவிடும். எந்தக் கம்பெனி, எந்த விலை கேமராவானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இதற்கு மேல் கேமராவின் எலெக்ட்ரானிக்ஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. பிக்ஸலிலுள்ள மின்னூட்டத்தைப் படித்து எண்ணாக மாற்றும்போது நேரும் சிறு பிசகு அது. நல்ல வெளிச்சத்தில் அது பொருட்டே இல்லை. ஆழ்ந்த நிழலில், ஃபோட்டான்களே பத்து இருபது என்று இருக்கும் இடத்தில், அது பெரிதாகத் தெரியும். கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டுவது என்பது இந்த எண்களைப் பெருக்குவது. படத்தோடு பிசகும் சேர்ந்து பெருகுகிறது. புதிதாக ஒரு ஃபோட்டான்கூட உள்ளே வருவதில்லை.

ஐஎஸ்ஓ மேல் விழும் பழி

'ஐஎஸ்ஓவைக் கூட்டினால் புள்ளி வரும்' என்பது புகைப்பட வகுப்புகளில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. ஐஎஸ்ஓ சென்ஸாரில் விழும் ஒளியைத் தொடுவதில்லை. விழுந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் கேமராவின் மீட்டர் 'இவ்வளவு ஒளி போதும்' என்று ஷட்டரை விரைவாக மூடுகிறது. புள்ளி வருவது அந்த ஒளிக் குறைவால்.

பாதி உண்மையை முழுதாக நம்பியவர் என்ன செய்கிறார்? இருட்டுக் கூடத்தில் ஐஎஸ்ஓவை 400க்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். படம் மூன்று ஸ்டாப் இருட்டாகப் பதிவாகிறது. ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. எனவே மூன்று ஸ்டாப் என்றால் வேண்டிய ஒளியில் எட்டில் ஒரு பங்கு. பிறகு கம்ப்யூட்டரில் எட்டு மடங்கு பெருக்குகிறார். அதே லென்ஸ் திறப்பு, அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓவை 3200 என்று வைத்திருந்தால் விழுந்த ஒளி அதேதான் இருந்திருக்கும். ஆனால் பல பழைய கேமராக்களில் படம் இதைவிடச் சுத்தமாக வந்திருக்கும். கேமராவுக்குள்ளேயே சமிக்ஞை முதலில் பெருக்கப்பட்டுவிடுவதால், பின்னால் சேரும் பிசகு அதற்கு முன் சிறிதாகிவிடுகிறது. புதிய சென்ஸார்கள் பலவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். எப்படிப் பார்த்தாலும் ஐஎஸ்ஓவுக்குப் பயந்து படத்தை இருட்டாக எடுத்ததில் லாபம் இல்லை.

வாயால் சொல்வதைவிட ஒரு மாலைப் பொழுதில் செய்து பார்ப்பது நல்லது. ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் புத்தக அலமாரியைக் குறிவைக்க வேண்டும். திறப்பு எஃப்/4, ஷட்டர் 1/30 செகண்ட் என்று மாற்றாமல் வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் 200, 400, 800 என்று 6400 வரை ஏற்றி ஆறு படங்கள். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிழல் பகுதிகளை ஒப்பிட வேண்டும். அடுத்து ஐஎஸ்ஓவை 1600இல் நிறுத்தி, ஷட்டரை மட்டும் 1/125, 1/60, 1/30, 1/15 என்று மெதுவாக்கி எடுத்து, அதேபோல வெளிச்சத்தைச் சமன்செய்து பார்க்க வேண்டும். முதல் வரிசையில் மாற்றம் கேமராவைப் பொறுத்தது. சிலவற்றில் கொஞ்சம், சிலவற்றில் தெரியவே தெரியாது. இரண்டாவது வரிசையில் ஒவ்வொரு படியிலும் படம் தெளிவதை யாரும் பார்க்கலாம். ஒளியின் பங்கு எவ்வளவு, ஐஎஸ்ஓவின் பங்கு எவ்வளவு என்பது அத்துடன் விளங்கிவிடும்.

காவில் ஒரு நள்ளிரவு

வீட்டு அலமாரி பொறுமையாக நிற்கும். வட கேரளத்தின் தெய்யம் நிற்காது. கண்ணூர், காசர்கோடு பக்கத்துக் காவுகளில் துலாம் மாதம் பத்தாம் தேதி, அதாவது அக்டோபர் கடைசியில், தொடங்கும் தெய்யக் காலம் இடவம் வரை நீள்கிறது. பல தெய்யங்கள் நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும்தான் வருகின்றன. காய்ந்த தென்னோலைப் பந்தங்களே பெரிய வெளிச்சம். தலை முதல் கால் வரை சிவப்பு. முகத்தில் நுணுக்கமான கோடுகளாக முகத்தெழுத்து. கண்டனார் கேளன் தெய்யமோ எரியும் நெருப்பின் மேலேயே பாய்ந்து கடக்கிறது. ஒரு காவில் ஒரு தெய்யம் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரக்கூடும். சில இடங்களில் நடக்கும் பெருங்களியாட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். அங்கே கெட்டுப்போன படத்தை மறுநாள் போய் எடுக்க முடியாது.

படம் கெடுவதற்கான எல்லாக் காரணங்களும் கூடியிருக்கும் இடம் இது. முதலாவது, மீட்டர். கேமராவின் மீட்டருக்கு உலகம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்ற அனுமானம். பிரேமுக்குள் பெரிய நெருப்பு வந்தால் 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். நெருப்பு அழகாக வரும். தெய்யத்தின் முகம் கரியாகப் போகும். குல்மார்கின் பனியும் கட்ச் ரண்ணின் வெள்ளை உப்புப் பரப்பும் சாம்பல் பூத்துப் பதிவாவதும் இதே அனுமானத்தால்தான். பனியில் ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் கூட்டி வைத்தால் சரியாகிவிடும். நெருப்பிருக்கும் இடத்தில் மீட்டரை நம்பாமல், பந்த வெளிச்சம் விழும் முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, திறப்பையும் ஷட்டரையும் கையால் நிர்ணயித்துவிடுவது நல்லது. நெருப்பின் நடுப்பகுதி வெளுத்துப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. படத்தில் எது வெளுக்கலாம், எது வெளுக்கக் கூடாது என்பதை மீட்டர் முடிவு செய்ய முடியாது. எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கேமராவின் திரை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தத் திரை தீபாவளி மத்தாப்பு. ஒளி குறைந்த படம்கூட அதில் ஜொலிக்கும். வீட்டுக்கு வந்து பகலில் திறந்தால்தான் உண்மை தெரியும். திரையின் பிரகாசத்தைக் குறைத்துவிட்டு ஹிஸ்டோகிராமை நம்புவதே பாதுகாப்பு. வரைபடம் முழுவதும் இடது சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் படம் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். முடிந்தால் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். தெய்யத்தின் சிவப்பில் பந்த வெளிச்சம் விழும்போது மற்ற இரண்டும் தாழ்ந்திருக்கையிலேயே சிவப்பு மட்டும் வலது சுவரை முட்டிவிடும். அப்படி முட்டினால் ஆடையின் மடிப்புகள் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஜேபெக் படத்திலிருந்து போடப்படுவது. ராவில் அதைவிடச் சற்று இடம் மிச்சமிருக்கும்.

மூன்றாவது, நெருப்பின் நிறம். பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். தீச்சுடர் சுமார் 1,900. அந்த ஒளியில் நீலம் சொற்பம். நீல பிக்ஸல்கள் அரைப் பட்டினி. சாஃப்ட்வேரில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து வெள்ளையை வெள்ளையாக்க முயன்றால் அந்த நீலத்தை இரண்டு மூன்று மடங்கு பெருக்க வேண்டியிருக்கிறது. இரைச்சலும் அதே அளவு பெருகுகிறது. பந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நீலப் புள்ளிகள் மொய்ப்பதன் ரகசியம் இதுதான். பரிகாரம் எளிது: நெருப்பின் மஞ்சளைக் கொஞ்சம் விட்டுவைப்பது. நள்ளிரவுக் காவை டியூப்லைட் கூடமாக்க வேண்டிய அவசியம் என்ன?

நான்காவது, லென்ஸ். கேமராவோடு சேர்த்து விற்கும் ஜூம் லென்ஸ் முழுக்க நீட்டினால் பெரும்பாலும் எஃப்/5.6தான் திறக்கும். 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ், பெரிய கம்பெனிகளின் விலைப் பட்டியலில் அடிமட்டத்தில் இருப்பது, அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது. மூன்று ஸ்டாப்புக்கு மேல். சின்ன சென்ஸார் கேமராவை விட்டு ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் சென்ஸார் பரப்பு சுமார் 2.3 மடங்குதான் கூடும்; ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம். புதுக் கேமராவின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும் லென்ஸ், அந்தக் கேமராவைவிட அதிக ஒளியைக் கொடுக்கிறது. பணத்தை எங்கே போடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. எஃப்/1.8இல் ஃபோகஸ் ஆழம் குறைவு என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கண்ணைக் குறிவைக்க வேண்டும்.

ஐந்தாவது, தருணம். சுழன்றாடும்போது 1/250 செகண்ட் இருந்தாலும் போதாது. ஆனால் எந்த ஆட்டத்திலும் ஓர் அசைவு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு நிறுத்தம் உண்டு. செண்டைத் தாளத்தைக் கவனித்தால் அது எப்போது வரும் என்று பிடிபடும். அந்தக் கணத்தில் 1/60 போதும். நாலு மடங்கு ஒளி, செலவில்லாமல். ஃபிளாஷ் அடிப்பது தீர்வல்ல. அது பந்த வெளிச்சத்தை அழிக்கும், கும்பிட நிற்பவர்களைத் தொந்தரவு செய்யும். சில காவுகளில் படம் எடுக்கவே முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

கேமராவின் திருட்டு வேலை

எல்லாம் சரியாகச் செய்தும் ரா படம் ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் இருட்டாக வந்தால் சந்தேகம் கேமராவின் மெனு மேல் திரும்ப வேண்டும். வெளிச்சமான பகுதிகளைக் காப்பாற்றும் வசதிகள் பலவும் படத்தை வேண்டுமென்றே இருட்டாகப் பதிவு செய்துவிட்டு, ஜேபெக்கில் மட்டும் நிழலைத் தூக்கிவிடுகின்றன. கேனனின் 'ஹைலைட் டோன் பிரையாரிட்டி' ஒரு ஸ்டாப் குறைக்கிறது. ஃபியூஜிஃபில்மின் 'டிஆர் 400' இரண்டு ஸ்டாப். நிக்கானின் 'ஆக்டிவ் டி-லைட்டிங்' சில சமயம் எக்ஸ்போஷரிலேயே கை வைக்கிறது. கேமராவைச் செய்த கம்பெனியின் சாஃப்ட்வேர் இந்தக் குறிப்பைப் படித்துச் சமன்செய்துவிடும். மற்றவை செய்யும் என்று நிச்சயமில்லை. ரா பழகும் காலத்தில் இவற்றை அணைத்துவைப்பது உத்தமம். முந்தின வாரம் தொட்டுவிட்டு மறந்த எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் இன்னும் மைனஸில் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி மறந்துபோவது சர்வசாதாரணம்.

புள்ளியில் எல்லாம் ஒரே ஜாதியும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒரே ஒரு பிரகாசமான புள்ளி இருந்தால் அது 'ஹாட் பிக்ஸல்'. நீண்ட எக்ஸ்போஷரில் அது கூடும். கேமராவே ஷட்டரை மூடியபடி இன்னொரு படம் எடுத்துக் கழித்துவிடும் வசதி மெனுவில் உண்டு. படத்தின் குறுக்கே அகலப் பட்டைகளாக வெளிச்சம் ஏறி இறங்கினால் அது இரைச்சலே அல்ல, விளக்கின் துடிப்பு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்ஈடி விளக்குகள் செகண்டுக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்து, எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தவிர்த்தால் போய்விடும். மெல்லிய கோடுகள் நிழலில் மட்டும் தெரிந்தால் அது நிழலை அளவுக்கு மீறித் தூக்கியதன் பலன்.

கழுவும் முறை

எடுத்தாகிவிட்டது, படம் இருட்டு, மறுபடி எடுக்க வழியில்லை. அப்போது வரிசை முக்கியம். முதலில் ஒயிட் பேலன்ஸ். அடுத்து மொத்த வெளிச்சம். பிறகு நிறப் புள்ளிகளைத் தேய்ப்பது. இதைத் தாராளமாகவே செய்யலாம். நம் கண்ணுக்கு நிறத்தின் நுணுக்கம் அவ்வளவாகத் தெரிவதில்லை. கறுப்பு வெள்ளைப் பொடியைத் தேய்ப்பதில்தான் கஞ்சத்தனம் வேண்டும். அதிகமானால் முகம் மெழுகு பொம்மையாகி, முகத்தெழுத்தின் கோடுகளும் கரைந்துவிடும். விளிம்பைக் கூர்மையாக்குவது கடைசியில். அதையும் விளிம்புகளுக்கு மட்டும் என்று மறைப்புப் போட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தேய்த்த புள்ளிகளைத் திரும்பத் தீட்டியதாகிவிடும்.

நிழலை எவ்வளவு தூக்குவது என்பதில்தான் பழகுபவர்கள் அதிகம் தவறுகிறார்கள். சாஃப்ட்வேரில் நிழலைத் தூக்கும் பட்டை இருக்கிறது என்பதற்காக அதைக் கடைசிவரை தள்ள வேண்டியதில்லை. முகம் தெரிந்தால் போதும். பின்னாலுள்ள ஆலமரத்தின் இலைகளை எண்ண வேண்டியதில்லை. கறுப்பைக் கறுப்பாகவே விட்டால் இரைச்சலில் பாதி அங்கேயே அடங்கிவிடும். இரவு இரவாகத் தெரிவது குறை அல்ல.

பார்க்கும் தூரமும் கணக்கில் வரும். 24 மெகாபிக்ஸல் படம் சுமார் 6,000 பிக்ஸல் அகலம். சாதாரண 24 அங்குல மானிட்டரில் அதை நூறு சதவீதத்தில் பார்ப்பது, ஐந்தரை அடி அகலமுள்ள போஸ்டரை மூக்கு உரசப் பார்ப்பதற்குச் சமம். அதே படத்தை 12 அங்குல அகலத்துக்கு பிரிண்ட் போட்டால் பல புள்ளிகள் காணாமல் போகும். இரு பக்கமும் பாதியாகக் குறைத்தால் நாலு பிக்ஸல்கள் ஒன்றாகி இரைச்சலும் பாதியாகிறது. நிறம் அறவே தேறாத படமானால் கறுப்பு வெள்ளையாக மாற்றி, பட்டினி கிடந்த நீலத்தை ஒதுக்கிவிட்டுச் சிவப்பு, பச்சையிலிருந்து கட்டினால் பல சமயம் கௌரவமான படம் கிடைக்கும்.

போனும் புது மந்திரமும்

'என் போனில் எடுத்தால் இத்தனை புள்ளி வருவதில்லையே' என்ற கேள்வி நியாயமானது. போனின் சென்ஸார் நகத்தளவு. ஆனால் அது ஒரு படம் எடுப்பதில்லை. பட்டனைத் தொடும்போது மளமளவென்று பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறது. கூகுள் 2013இல் நெக்ஸஸ் 5 போனில் அறிமுகம் செய்த 'ஹெச்டிஆர் பிளஸ்' இந்த வகை. 16 படங்களின் சராசரியில் இரைச்சல் நாலில் ஒரு பங்காகிறது. பெரிய கேமராவிலும் ஸ்டாண்ட் வைத்து அசையாத கோபுரத்தையோ மண்டபத்தையோ இப்படிப் பல முறை எடுத்து கம்ப்யூட்டரில் அடுக்கலாம். தெய்யத்தை அடுக்க முடியாது.

அண்மைக் காலத்து மந்திரம் செயற்கை நுண்ணறிவு. டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் 'டீப்பிரைம்' 2020இல் வந்தது. அடோபி 2023 ஏப்ரலில் லைட்ரூமில் 'டீநாய்ஸ்' வசதியைச் சேர்த்தது. ரா ஃபைலைக் கொடுத்தால் புள்ளிகளைத் துடைத்து, விளிம்புகளையும் காப்பாற்றித் தருகின்றன. முன்பு தள்ளுபடியாகியிருக்கும் பல படங்கள் இப்போது பிழைக்கின்றன. ஆனால் இவை பார்ப்பதில்லை, ஊகிக்கின்றன. ஆயிரக்கணக்கான படங்களில் கற்ற பழக்கத்தை வைத்து, இந்த இடத்தில் தோல் இப்படி இருக்கும், கோடு இப்படிப் போகும் என்று நிரப்புகின்றன. வீட்டுக் கல்யாணப் படத்தில் அது பாதகமில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் மரபுண்டு என்னும் முகத்தெழுத்தில், மங்கிப்போன கோட்டை மெஷின் தன் இஷ்டத்துக்கு வரைந்துவிட்டால் படம் அழகாக இருக்கும், ஆவணம் பொய்யாகிவிடும். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ, இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் கேமராவிலிருந்து வந்த மூல ஃபைலைக் கேட்டு வாங்குவது சும்மா அல்ல.

கனடா நாட்டுப் புகைப்படக்காரர் மைக்கேல் ரைக்மன் 2003இல் எழுதிய கட்டுரை ஒன்று, ராவில் எடுப்பவர்கள் ஹிஸ்டோகிராமை வெளுக்காத அளவுக்கு வலப்புறம் தள்ளியே எடுக்க வேண்டும் என்ற யோசனையைப் பரப்பியது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் பேசியதிலிருந்து பிறந்த யோசனை அது. வெளிச்சப் பகுதியில் எண்களின் படிகள் அதிகம் என்று அப்போது காரணம் சொன்னார்கள். ஃபோட்டான்கள் அதிகம் என்பதே முக்கியமான காரணம் என்று பிற்பாடு தெளிவாயிற்று. காரணம் மாறினாலும் யோசனை நிற்கிறது: வெளுக்கக் கூடாததை வெளுக்கவிடாமல், கிடைக்கும் ஒளியையெல்லாம் உள்ளே விடு.

ஆகவே அடுத்த முறை புள்ளிகள் மொய்த்த படம் ஒன்று கம்ப்யூட்டரில் திறக்கும்போது, முதலில் செய்ய வேண்டியது பட்டைகளை இழுப்பது அல்ல. ஃபைலோடு பதிவாகியிருக்கும் தகவல்களைப் படிப்பது. திறப்பு எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு, காம்பன்சேஷன் மைனஸில் இருந்ததா? 1/500 தேவையா, 1/125 போதுமாயிருந்ததா? இன்னும் ஒரு ஸ்டாப் ஒளியை எங்கிருந்து கொண்டுவந்திருக்கலாம்? இருபது படங்களுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதைத் திருத்தப் பெரும்பாலும் காசு செலவில்லை. அதையும் திருத்திய பிறகு போதாது என்றால், அப்போது கடைக்குப் போகலாம். முதலில் லென்ஸ் விற்கும் பக்கம்.